உடுமலைக் கவியும் வங்கத்துத் தொழிலாளியும்

ஓர் ஊரைவிட்டு வெளியே போகும் சரக்குக்குச் சுங்க இலாகாவினர் எடை பார்த்துக் கணக்கு எழுதுகிறார்கள். ஊருக்குள் வரும் சரக்குக்கும் அவ்வாறே கணக்கு உண்டு. ஆனால் ஊருக்குள் எந்தெந்த எண்ணங்கள் வந்தன, எந்தெந்த நாட்டுக் கவிகள் வந்தார்கள், அவர்களைச் சுமந்து வந்தவர் யார் என்று கணக்கு வைக்கும் இலாகா உலகில் எங்கும் கிடையாது. அந்தக் கணக்கை ஜனங்களே வைத்துக்கொள்ள வேண்டும். அதை வைத்துக்கொள்ளாத ஊர், எவ்வளவு பெரிய வியாபார ஸ்தலமாயினும், தனக்குச் சேர வேண்டிய சொத்து இன்னதென்று அறியாத வாரிசைப் போன்றதே. திருப்பூர் அவ்வாறு இருக்கலாகாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

திருப்பூரின் வரவு செலவில் சரக்குப் பக்கத்தை எல்லோரும் அறிவார்கள். 1920-களில் தென்னாட்டுக் கதர் உற்பத்திக்கு அது ஒரு முக்கிய கேந்திரமாக விளங்கியது. 1932-ம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி, தேசக் கொடியைக் கையில் ஏந்தித் தடியடிபட்ட சென்னிமலைக் குமரன் மறுநாள் உயிர் நீத்தது இவ்வூரிலேதான். கதர் தழைத்த அதே காலத்தில் சிறு அளவில் தொடங்கிய பின்னலாடைத் தொழில், 1970-களின் இறுதியில் கடல் கடந்து வியாபாரம் செய்யத் தொடங்கிற்று. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் சட்டையில் திருப்பூர்த் தையல் இருக்கிறது. 2009-ம் வருஷத்தில் கோயமுத்தூர், ஈரோடு ஜில்லாக்களிலிருந்து சில தாலுகாக்களைப் பிரித்தெடுத்துத் திருப்பூரைத் தனி ஜில்லா ஆக்கினார்கள். உடுமலைப்பேட்டைத் தாலுகாவும் அதில் சேர்ந்தது.

அந்த 2009-ம் வருஷத்துக்குரிய சாகித்திய அகாதமிப் பரிசு, உடுமலைப்பேட்டையில் பிறந்த ஒரு கவிஞருக்குக் கிடைத்தது. அவர் பெயர் புவியரசு. பரிசு பெற்ற நூல் 'கையொப்பம்' என்னும் கவிதைத் தொகுதி. அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பே, 2007-ல், மொழிபெயர்ப்புக்கான அகாதமிப் பரிசையும் அவர் பெற்றிருந்தார். அந்த மொழிபெயர்ப்பு நூலின் பெயர் 'புரட்சிக்காரன்'. வங்கத்து மகாகவி காஜி நஸ்ருல் இஸ்லாமின் கவிதைகள் அதில் தமிழுருப் பெற்றுள்ளன. சொந்தக் கவிதைக்கும் பிறர் கவிதையைக் கொண்டுவந்ததற்குமாக இரு பரிசுகளும் பெற்றவர் தமிழில் மிகச் சிலரே. அவர்களில் ஒருவர் நம் ஜில்லாவுக்கு உரியவர் என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்?

உடுமலை கவிகளுக்குப் புதிய பூமியன்று. அதன் அருகிலுள்ள பூளவாடியில் 1899-ம் வருஷம் பிறந்த நாராயணகவி, வறுமையில் வளர்ந்து, நாடக மேடையில் பயின்று, பின்னர்ச் சினிமாவுக்கு வந்து, கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் நகைச்சுவைக்கும் சீர்திருத்தத்துக்கும் பாட்டுத் தந்தவர். பாமரனுக்கு விளங்கும் சொல்லில் பெரிய விஷயத்தைச் சொல்வது அந்த மண்ணின் பழக்கம். புவியரசு அந்த மண்ணில் 1930-ஐ ஒட்டிப் பிறந்து, பேரூர்த் தமிழ்க் கல்லூரியில் வித்துவான் பட்டத்துக்குப் படித்து, தமிழாசிரியராக நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தவர்.

அவர் பெற்றோர் இட்ட பெயர் ஜகந்நாதன். 1950-களில் தனித்தமிழ்ப் பற்று அவரை ஆட்கொண்டது. ஜகத்துக்கு நாதன் என்னும் வடமொழிப் பெயரின் பொருளை அப்படியே தமிழில் நிறுத்திப் 'புவியரசு' என்று தம் பெயரை மாற்றிக்கொண்டார். இந்தச் சம்பவத்தை வாசகர்கள் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்நியச் சொல் ஒன்று தம் பெயரில் இருப்பதையும் பொறுக்காத ஒருவர், பிற்காலத்தில் வங்கத்தையும் ருஷ்யாவையும் லெபனானையும் தமிழுக்குள் அழைத்து வருவதற்கே தம் உழைப்பில் பெரும் பங்கைச் செலவிட்டார். இதில் முரண்பாடு இருப்பதாகச் சிலர் நினைக்கலாம். எம் அபிப்பிராயத்தில் முரண்பாடு சிறிதும் இல்லை. தன் வீட்டை ஒழுங்காகப் பெருக்கி வைத்திருப்பவனே விருந்தினரைக் கூச்சமின்றி வாசலில் நின்று வரவேற்கிறான். தாய்மொழியில் உறுதியாக நிற்பவனுக்குப் பிறமொழியைக் கண்டு பயமில்லை. பயம் இல்லாத இடத்தில் துவேஷமும் இல்லை.

புவியரசின் கவி வாழ்வில் முக்கியமான கட்டம் 1971-ம் வருஷம் தொடங்குகிறது. அவ்வருஷம் கோயமுத்தூரில் 'வானம்பாடி' என்ற கவிதைப் பத்திரிகை பிறந்தது. புவியரசு, ஞானி, சிற்பி, முல்லை ஆதவன், அக்கினிபுத்திரன், கங்கைகொண்டான், சக்திக்கனல் முதலியோர் அந்த இயக்கத்தில் இருந்தனர். ஆசிரியர்களும் எழுத்தாளர்களுமான இவர்கள், பத்திரிகைக்கு விலை வைக்காமல், விலையிலாக் கவிமடல் என்று அதை ஜனங்களிடம் அனுப்பினார்கள். புதுக்கவிதை அதற்கு முன்பே தமிழில் வந்துவிட்டது. சி. சு. செல்லப்பா 1959 முதல் நடத்திய 'எழுத்து' அதற்கு இடம் தந்திருந்தது. ஆனால் 'எழுத்து'க் கவிஞர் பலர் தனி மனிதனின் அகத்தை ஆராய்ந்து கொண்டிருக்க, வானம்பாடிகள் வீதிக்கு வந்தார்கள். பசி, வேலை, அநீதி, மானிட சமத்துவம் ஆகியவையே அவர்களுக்குக் கவிப்பொருளாயின. மேடையில் உரத்துப் படிக்கும்போது பின்வரிசையில் நிற்பவனுக்கும் கேட்க வேண்டும் என்று எழுதினார்கள். 1973-ல் 'வெளிச்சங்கள்' என்னும் தொகுதி அவர்களுடைய கவிதைகளைத் திரட்டித் தந்தது.

வானம்பாடிகளின் மீது குற்றச்சாட்டுகள் இல்லாமலில்லை. கோஷத்தைக் கவிதை என்று கொண்டார்கள், குரல் உயர்ந்த அளவுக்கு ஆழம் போகவில்லை என்று விமர்சகர் கூறினர். நடுநிலையாளர் இக்குற்றச்சாட்டை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஆவேசம் மிகுந்த இடத்தில் சொல் சில சமயம் வெறும் ஓசையாகிவிடுவது உண்டு. இயக்கத்துக்குள்ளேயே கருத்து வேற்றுமை முற்றி, நண்பர்கள் வெவ்வேறு வழியில் பிரிந்தார்கள். எனினும் எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். கவிதை என்பது புலவருக்கும் பத்திரிகைக்காரருக்கும் மட்டும் உரிய பண்டம் என்றிருந்த நிலையை மாற்றி, கல்லூரி மாணவனையும் ஆலைத் தொழிலாளியையும் பேனா எடுக்கச் செய்தவர்கள் அவர்கள். கோயமுத்தூர் வட்டாரம் பஞ்சாலைக்கு மட்டுமின்றிக் கவிதைக்கும் பெயர் பெற்றது அதன் பயனே.

ஓர் இயக்கத்தின் ஆரவாரம் அடங்கிய பிறகு அதில் இருந்தவர் என்ன செய்கிறார் என்பதே அவருடைய தரத்துக்குச் சாட்சி. சிலர் மௌனமானார்கள்; சிலர் பழைய புகழைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புவியரசு எழுதுமேஜையை விட்டு எழவில்லை. கவிதையோடு நாடகமும் எழுதினார். ருஷ்ய ஆசிரியர் தாஸ்தாயெவ்ஸ்கியின் பெருநாவலான 'கரமாஸவ் சகோதரர்கள்' அவர் கையால் தமிழாயிற்று. லெபனான் தேசத்து மிகைல் நைமி எழுதிய 'மிர்தாதின் புத்தகம்' தமிழாயிற்று. நஸ்ருல் இஸ்லாமும் தமிழரானார்.

இந்தத் தொண்டு நம் பாஷையில் பழமையான, பெருமை வாய்ந்த தொண்டு. சுதந்திரப் போராட்ட காலத்தில் தமிழ்ப் பத்திரிகாசிரியர்கள் இதைத் தேச சேவையின் ஓர் அங்கமாகவே கருதினார்கள். டி. எஸ். சொக்கலிங்கம் டால்ஸ்டாயின் பெரு நவீனத்தைப் 'போரும் வாழ்வும்' என்று தமிழில் தந்தார். த. நா. குமாரஸ்வாமி வங்காளி பாஷையைக் கற்று, அந்நாட்டுக் கதைகளைத் தமிழர் வீட்டுக் கதைகளாக்கினார். அந்தக் காலத்துத் தமிழ் வாசகன், ஹௌராவைக் கண்ணால் காணாதவனாயினும், வங்கத்துக் கிராமத்தின் குளக்கரையை அறிந்திருந்தான். பிற நாட்டார் நமக்கும் இவ்விதம் செய்திருக்கிறார்கள். செக் நாட்டுத் தலைநகரான பிராகில் 1927-ல் பிறந்த கமில் ஸ்வெலபில் தமிழைக் கற்றுச் சிலப்பதிகாரத்தைத் தம் செக் மொழியில் பெயர்த்தார். தமிழ்நாட்டின் ஜனத்தொகையில் சிறு பங்கே உள்ள ஒரு தேசத்தார் கண்ணகியின் கதையைத் தம் பாஷையில் படிக்க முடிகிறது என்றால், பிறருடைய கவிகளை நாம் படியாதிருப்பதற்குச் சமாதானம் என்ன சொல்ல முடியும்?

புவியரசு தேர்ந்தெடுத்த வங்கக் கவி யார் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நஸ்ருல் இஸ்லாம் 1899-ம் வருஷம் மே 24-ந் தேதி, மேற்கு வங்கத்தில் ஆஸன்ஸோலுக்கு அருகிலுள்ள சுருலியா கிராமத்தில் பிறந்தார். நம் நாராயணகவி பிறந்த அதே வருஷம். தகப்பனார் மசூதியில் இமாமாக இருந்தவர். பிள்ளைக்குப் பத்து வயது நிரம்புமுன் அவர் இறந்துபோகவே, குடும்பம் வறுமையில் விழுந்தது. சிறுவன் மசூதியில் வேலை செய்தான். 'லேட்டோ' என்னும் கிராமிய நாடகக் குழுவில் சேர்ந்து பாட்டுக் கட்டினான். ஆஸன்ஸோலில் ரொட்டிக் கடையில் கூலிக்கு நின்றான். 1917-ல் பட்டாளத்தில் சேர்ந்து கராச்சியில் இருந்தான். 1920-ல் கல்கத்தாவுக்குத் திரும்பி வந்தபோது வயது இருபது.

1921-ம் வருஷம் டிசம்பரில் அவர் எழுதிய 'வித்ரோஹி' என்னும் கவிதை மறு மாதமே பிரசுரமாகி வங்கத்தைக் குலுக்கிவிட்டது. 1922-ல் 'தூமகேது' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். அதில் வெளியான ஒரு கவிதைக்காக அந்நிய சர்க்கார் அவரைக் கைது செய்து, 1923 ஜனவரியில் ஒரு வருஷக் கடுங்காவல் விதித்தது. நீதிமன்றத்துக்காக அவர் எழுதிய வாக்குமூலம் 'ராஜக் கைதியின் வாக்குமூலம்' என்று பெயர் பெற்றது. சட்டம் படித்த ஒவ்வொருவரும் அதைத் தேடிப் படிக்க வேண்டும். ஹூக்ளி சிறையில் கைதிகளை நடத்திய முறையைக் கண்டித்து ஏறக்குறைய நாற்பது நாள் உண்ணாவிரதம் இருந்தார். உபவாசத்தை நிறுத்தும்படி ரவீந்திரநாத் தாகூர் தந்தி கொடுத்தார். 'வசந்தம்' என்னும் தம் இசைநாடகத்தை அந்த இளங்கவிக்கே சமர்ப்பணம் செய்தார்.

சிறை மீண்ட நஸ்ருல், 1924-ல் பிரமீளா என்ற ஹிந்துப் பெண்ணை மணந்தார். இரு மதத்திலும் இருந்த வைதிகர் அதை எதிர்த்தனர். பிறந்த ஆண் குழந்தைக்குக் கிருஷ்ண முஹம்மது என்று பெயரிட்டார். காளியைப் பற்றியும் பாடினார், நபிகளைப் பற்றியும் பாடினார். இரண்டையும் வங்க ஜனங்கள் இன்றுவரை பாடுகிறார்கள். 1925-ன் இறுதியில் தொழிலாளர் விவசாயிகளுக்காக 'லாங்கல்', அதாவது கலப்பை, என்ற பத்திரிகையை நடத்தினார். 'கூலி மஜூர்' என்ற தலைப்பிலேயே அவர் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். 1942-ல் கொடிய நோய் அவருடைய பேச்சையும் நினைவையும் பறித்தது. அதற்குப் பின் முப்பத்துநான்கு வருஷம் மௌனியாகவே வாழ்ந்து, 1976 ஆகஸ்டு 29-ந் தேதி டாக்காவில் மறைந்தார். பங்களா தேசம் அவரைத் தன் தேசிய கவியாகப் போற்றுகிறது. இந்தியாவும் அவரைத் தன்னவர் என்றே கொள்கிறது.

இப்போது திருப்பூருக்குத் திரும்புவோம். 1984-ல் பனியன் தொழிலாளர் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்று கொடி பிடித்தவர் பெரும்பாலும் சுற்று வட்டாரத்துக் கிராமத்தார். ஒருவர் பேசியது மற்றவருக்கு விளங்கிற்று. இன்றைய பனியன் கம்பெனிக்குள் போய்ப் பாருங்கள். பவர் டேபிளில் தமிழ்ப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து மிஷினில் ஒடிஸாவிலிருந்து வந்த பெண். அடுத்த மேஜையில் துணி வெட்டுகிறவன் பீஹாரி. கட்டுக் கட்டித் தூக்குகிறவன் வங்காளி. வாய் மூடி வேலை செய்கிறார்கள். சூபர்வைசரின் கட்டளைக்கு வேண்டிய பத்து வார்த்தைகளே அவர்களுக்குள் பொது பாஷை. ஒரே சட்டையைத் தைக்கும் கைகளுக்கு ஒரே வாக்கியம் இல்லை.

இந்த மௌனம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2023-ம் வருஷம் மார்ச்சு மாதம் கண்டோம். தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளரைத் தாக்கிக் கொல்கிறார்கள் என்று பொய்யான காணொளிகள் கைபேசிகளில் பரவின. வேறு இடங்களில் வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளைக் காட்டி, இங்கே நடந்தவை என்றார்கள். பீஹார் சர்க்கார் அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் வந்து விசாரித்தது. செய்தி பொய்யென்று தெளிவாயிற்று. வதந்தி பரப்பியவர்மீது வழக்குகளும் பதிவாயின. எனினும் அதற்குள் அச்சம் பரவிப் பலர் ஊருக்கு மூட்டை கட்டிவிட்டார்கள். பக்கத்து மிஷின்காரனிடம் "இது மெய்யா?" என்று கேட்க இவர்களுக்கு பாஷை இல்லை, அவனுக்குப் பதில் சொல்லவும் பாஷை இல்லை. அந்த இடைவெளியில்தான் பொய் குடியேறிற்று.

நாம் சொல்ல வந்தது இதுதான். அந்த இடைவெளியின் ஒரு கோடியில் நிற்கும் வங்கத் தொழிலாளி, நஸ்ருலின் பாட்டைத் தாயின் வாயிலிருந்து கேட்டு வளர்ந்தவன். மறு கோடியில் நிற்கும் தமிழன் அதே கவியைத் தமிழில் படிக்கும்படி, இதே ஜில்லாவில் பிறந்த ஒருவர் பல வருஷங்களுக்கு முன்பே செய்து வைத்திருக்கிறார். ரொட்டிக் கடையில் கூலிக்கு நின்ற பையனே அந்தக் கவி. இரு பக்கமும் பாலத்தின் தலைப்பு இருக்கிறது. அதன்மேல் நடப்பாரைத்தான் காணோம். தொழிலாளர் ஒற்றுமை என்று மேடைதோறும் பேசுகிறோம். கையில் கிடக்கும் இந்தக் கருவியை எடுத்துப் பயன்படுத்தினோமா?

சிலர் ஆட்சேபம் கூறக்கூடும். பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைப்பவனுக்குக் கவிதை எதற்கு என்பார்கள். கூலி உயர்வும் தங்க நல்ல இடமும் முதலில் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவற்றைக் கேட்பதற்கு முதலில் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டும். நம்புவதற்கு அறிய வேண்டும். பிழைக்க வந்தவர்கள் நாளைக்குப் போய்விடுவார்கள் என்பார்கள் வேறு சிலர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர்த் தோட்டத்துக்கும் போன தமிழனைப் பற்றியும் அந்நாட்டார் இப்படித்தான் சொன்னார்கள். அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத் தமிழர் மறக்கலாகாது. மொழிபெயர்ப்பில் மூலத்தின் சுவை போய்விடும் என்பார் மூன்றாமவர். போகட்டும். நம் நாட்டில் டால்ஸ்டாயைப் போற்றும் ஆயிரக்கணக்கானவரில் ருஷ்ய பாஷை அறிந்தவர் எத்தனை பேர்? அரைவயிற்றுக் கஞ்சி பட்டினியைவிட மேலானது.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்களல்ல. திருப்பூர் ஜில்லாவின் ஒவ்வொரு பொது நூல்நிலையத்திலும் புவியரசின் நூல்கள் இருக்க வேண்டும். 'புரட்சிக்காரன்' பக்கத்திலேயே நஸ்ருலின் வங்க மூலமும் இருக்க வேண்டும். திருப்பூரில் நடக்கும் புத்தகத் திருவிழாவில் வங்காளி, ஒரியா, ஹிந்தி நூல்களுக்கு ஒரு கடை போடலாம். மே மாதம் 24-ந் தேதி, நஸ்ருலின் பிறந்த நாளில், தொழிற்சங்கங்கள் ஒரு கூட்டம் கூட்டட்டும். வங்கத் தொழிலாளி ஒருவர் மூலத்தைப் பாட, தமிழ்த் தொழிலாளி ஒருவர் மொழிபெயர்ப்பைப் படிக்கட்டும். பெரும் பிரசங்கிகள் அன்று ஒரு நாள் கீழே உட்கார்ந்து கேட்கட்டும். சங்கங்களின் துண்டுப் பிரசுரங்களும் இனித் தமிழில் மட்டும் வந்தால் போதாது.

ஜகந்நாதன் என்ற வாலிபர் தமிழின்மீது கொண்ட காதலால் தம் பெயரையே மாற்றிக்கொண்டார். அந்தக் காதல் முதிர்ந்தபோது, அவர் பிற ஜனங்களின் கவிகளைத் தமிழ்ப் பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறினார். மொழிப்பற்று என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் தேசபக்தர்களுக்கு வேண்டியதில்லை. இலை போட்டாகிவிட்டது. விருந்தினர் பக்கத்து மிஷினிலேயே இருக்கிறார். அழைக்க வேண்டியது நம் கடமை.